வயிறு நிறைந்த பட்டினி

(தாராபுரம் வட்டாரத்தில் மாடு வளர்ப்போர் கூடிய கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், சித்திரைக் கடைசியில், ஒரு தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. மாடு படுத்துவிட்டது, எழுப்பினாலும் எழ மாட்டேன் என்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். கட்டுத்தரையில் ஒரு பசு, எட்டு மாதச் சினை. கழுத்தை விலாப்பக்கம் சாய்த்துக்கொண்டு கிடந்தது. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். இடுப்பெலும்பு இரண்டும் தோலைக் குத்திக்கொண்டு நின்றன. ஆனால் இடப்பக்க வயிறு மட்டும் பானைபோல் பருத்திருந்தது. முட்டியால் அழுத்தினேன். மாவு மூட்டையை அழுத்தியதுபோல் குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

"ஆத்தா, என்ன தீனி போட்டீங்க?" என்று கேட்டேன்.

"வைக்கோலுதான் சாமி. ஒரு வேளைகூட நான் இதைப் பட்டினி போட்டதில்ல. அங்க போரைப் பாரு, பாதி காலியாயிருச்சு" என்றார்.

அவர் சொன்னது சத்தியம். போர் பாதிக்கு வந்திருந்தது, மாட்டின் முன்னால் வைக்கோல் கிடந்தது. நான் எனக்குத் தெரிந்த ஊசியெல்லாம் போட்டேன். அன்று இரவே பசு செத்துப்போனது. வயிற்றுக் கன்றும் போனது. காலையில் அறுத்துப் பார்த்தபோது பெருவயிறு முழுக்க வைக்கோல், திணித்த தலையணை மாதிரி. பல நாளைக்கு முன் தின்ற தாள்கூடக் கரையாமல் தாளாகவே கிடந்தது. வெளியே அந்த ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மாடு பசியால் செத்தது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று உங்களிடம் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். வயிறு நிறைய வைக்கோலோடு ஒரு மாடு பட்டினியால் சாகும். சாகாவிட்டாலும் பால் வற்றும், சினை நிற்காது, கன்று சவலையாகப் பிறக்கும். நம் ஊர்க் கட்டுத்தரைகளில் ஒவ்வொரு கோடையிலும் நடப்பது இதுதான்.

மாட்டுக்குப் பச்சை கிடைக்காத மாதங்கள் நாட்டுக்கு நாடு மாறும். கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் அது பனிக்காலம். நவம்பரில் நிலம் உறைந்தால் ஏப்ரல்வரை புல் கிடையாது. நமக்கு மாசியில் தொடங்குகிறது. மழை தவறினால் ஆவணி தாண்டியும் இழுக்கும். காலம் வேறானாலும் கணக்கு ஒன்றுதான்: விளைந்த காலத்தில் காயவைத்துச் சேர்த்ததை, விளையாத காலம் முழுக்கப் பரப்பி ஓட்ட வேண்டும்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதை விட்டுவிட்டு அந்த நாட்டு முறைகளைப் பார்த்துப் பயனில்லை. அவர்கள் சேர்த்துவைப்பது உலர்புல். புல் பூவெடுக்கும் தறுவாயில், சத்தெல்லாம் இலையிலும் தண்டிலும் இருக்கும்போதே அறுத்துக் காயவைக்கிறார்கள். நாம் சேர்ப்பது வைக்கோலும் சோளத்தட்டும். பயிர் தன் சத்தையெல்லாம் கதிருக்கு ஏற்றிவிட்ட பிறகு மிஞ்சும் தாள் அது. நல்ல உலர்புல்லில் நூற்றுக்கு 8 முதல் 12 பங்கு புரதம் இருக்கும். குதிரைமசாலைக் காயவைத்தால் 17க்கு மேல் போகும். நெல் வைக்கோலில் 3 அல்லது 4. கண்ணுக்கு இரண்டும் காய்ந்த தாள்தான். மாட்டின் வயிற்றுக்கு இரண்டும் வேறு வேறு.

நம் ஊருக்கு உலர்புல் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேயிருந்து மூலனூர், காங்கயம் பக்கம் போனால் இன்னும் கொறங்காடுகள் இருக்கின்றன. சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுநடுவே வெள்வேல மரம். ஐப்பசி மழையில் எழுந்த புல், தையில் நின்ற நிலையிலேயே காயும். அதை யாரும் அறுப்பதில்லை, போர் போடுவதுமில்லை. ஒரு காட்டை மேயவிட்டு, அடுத்த காட்டை அடைத்துவைத்து, முறைபோட்டு மேய்த்தார்கள். அடைத்துவைத்த காடுதான் அவர்களுடைய போர். பங்குனி, சித்திரையில் புல் சத்தெல்லாம் இழந்து வெறும் தாளாகும் நேரத்தில் வெள்வேலங்காய் பழுத்து உதிரும். தாளில் இல்லாத புரதம் காயில் வந்து விழுந்தது. காங்கயம் மாடு இந்தக் காட்டில்தான் உருவானது. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தார்கள் என்றால், வளர்க்கும்படியான தீனியை இந்த நிலம் கொடுத்தது. காய்ந்த புல்லும் உதிர்ந்த காயும் ஒன்றாக ஒரே வயிற்றுக்குள் போனதில் ஒரு பெரிய அறிவு இருக்கிறது. நான் கல்லூரியில் ஐந்து வருடம் படித்த தீவனப் பாடத்தின் சாரம் அந்தக் காட்டுக்குள் இருந்தது.

அது என்ன அறிவு? மாட்டின் பெருவயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் புரியும்.

தாளைச் செரிக்கும் சக்தி மாட்டுக்குக் கிடையாது. நமக்கு எப்படி இல்லையோ அப்படித்தான் அதற்கும் இல்லை. செரிப்பது அதன் பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். ஒரு மில்லி வயிற்று நீரில் ஆயிரம் கோடி இருக்கும். வளர்ந்த மாட்டின் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாம் போடும் வைக்கோலை இவைதான் தின்கின்றன. தின்று இவை விடும் அமிலங்கள் மாட்டுக்குச் சக்தியாகின்றன. வளர்ந்து பெருகிய நுண்ணுயிர்கள் கீழ் வயிற்றுக்கு இறங்கும்போது மாடு அவற்றையே செரித்துப் புரதமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே நாம் தீனி போடுவது மாட்டுக்கு என்று சொன்னாலும், முதல் பந்தி அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துக்கு.

அந்தக் கூட்டம் பெருக நைட்ரஜன் வேண்டும், அதாவது புரதச் சத்து. மொத்தத் தீனியில் அது நூற்றுக்கு 7 பங்குக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர்கள் பெருகாது. பெருகாவிட்டால் தாள் கரையாது. கரையாத தாள் வயிற்றைவிட்டு நகராது. வயிறு காலியாகாவிட்டால் மாடு அடுத்த வாய் தின்னாது. 3 பங்கு, 4 பங்கு புரதமுள்ள வைக்கோலை மட்டும் மாதக்கணக்கில் போட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஆத்தாவின் கட்டுத்தரையில் பார்த்தேன். கூடவே தண்ணீரும் குறைந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கிலோ காய்ந்த தீனிக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் போக வேண்டும். கோடையில் அதைவிட மேலே. அந்த வீட்டுக் கிணறு அந்த வருடம் வற்றியிருந்தது. நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

இனி வைக்கோலுக்கு வருவோம். நம் பக்கம் நெல் குறைவு, தஞ்சாவூர் திருவாரூரிலிருந்து லாரியில் வரும் வைக்கோலைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். அந்த வைக்கோலைப் பற்றி ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. சோளம், கம்பு போன்ற பயிர்களில் தோகைதான் மெத்தென்று செரிக்கும், தண்டு கடினம். நெல்லில் தலைகீழ். நெல் இலையில் சிலிக்கா, அதாவது மணலின் சத்து, மிகுதி. அது தாளுக்குக் கண்ணாடிப் பூச்சு பூசியதுபோல நுண்ணுயிரை அண்டவிடாது. நெல்லின் தண்டு இலையைவிட நன்றாகச் செரிக்கும். இப்போது அறுவடை இயந்திரம் என்ன செய்கிறது? முழங்கால் உயரத்தில் அறுத்துவிட்டு, அடித்தண்டை வயலிலேயே விட்டுவிட்டுப் போகிறது. செரிக்கும் பாகம் வயலில் நிற்கிறது, செரிக்காத பாகம் லாரியில் ஏறுகிறது. சொந்த வயலில் நெல் போடுகிறவர்கள் இயந்திரக்காரரிடம் தாழ்த்தி அறுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் முணுமுணுப்பார், டீசல் கூடுதலாகும் என்பார். வாடகையில் சிறிது கூட்டிக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

கையறுவடைத் தாளுக்கு இன்னொரு நன்மையும் இருந்தது. களத்தில் கட்டுக்கட்டாக அடித்த வைக்கோல் நீளவாட்டில் ஒழுங்காக இருக்கும். அதைச் சரிவாக அடுக்கிப் போர் போட்டால், கூரை மேய்ந்ததுபோல மழைநீர் தாளின் மேல் வழிந்து ஓடிவிடும். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே ஈரம் இறங்காது. போர் போடத் தெரிந்த ஆள் என்று ஊருக்கு இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்குத் தனி மரியாதை. இயந்திரம் கக்கும் வைக்கோல் நொறுங்கிச் சிக்குண்டு கிடக்கிறது. அதில் எப்படி அடுக்கினாலும் தண்ணீர் உள்ளே இறங்கும். ஆகவே பழைய போரை நம்பிய மாதிரி இப்போதைய போரை நம்பக் கூடாது. மேலே தார்ப்பாய் வேண்டும். ஆனால் நாலு பக்கமும் தரைவரை இழுத்து மூடிவிடாதீர்கள், உள்ளே வேர்த்து அழுகும். தலையை மூடுங்கள், விலாவைத் திறந்துவிடுங்கள். அடியில் பனைமட்டையோ கட்டையோ கல்லோ போட்டுத் தரையிலிருந்து ஓரடி தூக்குங்கள்.

உருட்டாகக் கட்டிய வைக்கோல் வாங்குகிறவர்கள் ஒரு கணக்கைக் கேளுங்கள். உருட்டின் விட்டம் இரண்டடி என்று வைத்துக்கொள்வோம். வெளியே மழையில் கிடந்து சுற்றிலும் இரண்டே அங்குலம் அழுகிவிட்டது. இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். உருட்டில் கிட்டத்தட்ட 3இல் ஒரு பங்கு போய்விட்டது. வட்டத்தில் வெளிச்சுற்றுக்குத்தான் பரப்பு அதிகம். மூன்று உருட்டுக்குக் காசு கொடுத்து இரண்டை மாட்டுக்குப் போடுகிறோம்.

அழுகியதைத் தள்ளிவிட்டுத்தான் போட வேண்டும். பூசணம் பிடித்த வைக்கோலை, பசிக்கு எல்லாம் தின்னும் என்று போட்டுவிடாதீர்கள். பஞ்சாப் பகுதியில் தெக் நாலா என்றொரு ஓடை இருக்கிறது, இன்று பாகிஸ்தானில். அந்த ஓடைக்கரை ஊர்களில் 1930களில் எருமைகளுக்கு வால் நுனியும் காது நுனியும் குளம்பைச் சுற்றிய தோலும் கறுத்து அழுகி விழும் நோய் கண்டார்கள். இன்றும் அந்த நோய்க்கு தெக்நாலா என்றே பெயர். ஈரம் காயாமல் அடைத்த நெல் வைக்கோலில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சு அது. குறுவை வைக்கோல் அடைமழையில் அறுப்பது, காய நேரமிருக்காது. அதனால்தான் வாங்கும்போது சம்பா வைக்கோலா என்று கேட்கிறோம். கட்டின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சூடு தட்டினாலோ, புழுங்கிய வாடை அடித்தாலோ, அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

போரிலிருந்து மாட்டின் முன்னால் வந்த பிறகும் ஒரு பெரிய சேதம் இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் இதை அளந்தே பார்த்தார்கள். 2003இல் ஆய்வு வெளியானது. ஒரே உலர்புல்லை நாலு விதமான தீனிச் சட்டங்களில் வைத்து, கீழே விழுந்து மிதிபட்டதை எடை போட்டார்கள். கூம்பு வைத்த வளையத்தில் நூற்றுக்கு 3.5 பங்குதான் வீண். சாதாரண வளையத்தில் 6.1. வண்டி போன்ற அமைப்பில் 11.4. தொட்டில் போன்ற அமைப்பில் 14.6. புல் ஒன்றுதான்; சட்டம் மாறியது, சேதம் நான்கு மடங்கு மாறியது. ஏன் என்றும் பார்த்தார்கள். சேதம் குறைந்த சட்டங்களில் மாடு தலையைக் கம்பிக்குள் நுழைத்து, அங்கேயே நின்று மென்றது. வாயிலிருந்து விழுந்தது திரும்ப உள்ளேயே விழுந்தது. தொட்டிலில் தலையை எளிதாக எடுக்க முடிந்தது. வாய் நிறையக் கவ்விக்கொண்டு வெளியே வந்து மென்றது. விழுந்தது காலடியில்.

நம்மிடம் இரும்பு வளையம் வேண்டியதில்லை, காடி போதும். மாட்டின் முன்னங்கால் நிற்கும் தரையைவிட காடியின் அடித்தளம் அரையடி உயரமாக இருக்கட்டும். முன்சுவர் மாட்டின் மார்பு அளவு. தலைக்கயிறு மட்டும் இரண்டு மாடு ஒன்றையொன்று தள்ளாத நீளம். மாடு தலையைத் தாழ்த்தித் தின்னும்போது எச்சிலும் நன்றாக ஊறும். ஒரு மாடு ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கும், பெருவயிற்றின் புளிப்பை அடக்குவது அதுதான். தட்டை உயரத்தில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

சோளத்தட்டை முழுசாகப் போட்டால் தோகையைத் தின்றுவிட்டு அடித்தண்டைக் கழித்துவிடும். காலையில் காடி நிறையக் கழித்த தட்டை வாரிக் குப்பைக்குழியில் போடுகிறோம். நறுக்கிப் போட்டால் கழிக்க வழியில்லை. இரண்டு அங்குலம் போதும், ரொம்பப் பொடியாக்கினால் அசைபோடாது. கையால் சுற்றும் நறுக்கும் இயந்திரத்தைத் தனியாக ஒருவர் வாங்க முடியாவிட்டாலும் நாலு தோட்டத்துக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பச்சைச் சோளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பூக்காத இளஞ்சோளத்தில், அதுவும் தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளத்தில், மாட்டைச் சில நிமிடத்தில் சாய்க்கும் நஞ்சு இருக்கும். பூவெடுத்த பிறகு அறுங்கள், நன்றாக உலர்த்திய பிறகு போடுங்கள்.

எப்போது போடுவது என்பதில் நாம் குளிர்நாட்டுக்காரர்களிடமிருந்து தலைகீழாகக் கற்றுக்கொள்ள வேண்டும். தாள் பெருவயிற்றில் புளிக்கும்போது சூடு பிறக்கிறது. மாவுத்தீனியைவிடத் தாளில் அந்தச் சூடு அதிகம். கனடாவில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகை, 30 பாகை என்று இறங்கும்போது, பண்ணைக்காரர் கூடுதலாக உலர்புல் போடுகிறார். மாடு தன் வயிற்றுக்குள்ளேயே அடுப்பு மூட்டிக்கொள்கிறது. அந்த அடுப்பை நாம் சித்திரை மாதம் நண்பகல் 12 மணிக்கு மூட்டுகிறோம். மாடு மூச்சிரைக்கிறது, நாக்கைத் தொங்கவிடுகிறது, தீனியைத் தள்ளுகிறது. வைக்கோலைச் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு போடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு இரவுக்கு, மிச்சம் விடியற்காலைக்கு. நடுப்பகலுக்குத் தண்ணீரும் நிழலும் போதும்.

இரவுத் தீனியால் இன்னொரு நன்மையும் உண்டென்று மானிட்டோபாவில் கஸ் கோனெஃபால் என்ற பண்ணைக்காரர் 1970களில் கண்டுபிடித்தார். சினை மாடுகளுக்கு இரவில் தீனி போட்டால் பெரும்பாலானவை பகலில் ஈனுகின்றன. பிறகு ஆய்வாளர்களும் பரிசோதித்து உண்மைதான் என்றார்கள். நடுராத்திரி டார்ச் விளக்கோடு ஓடிய எனக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பது ஈற்றுக்குக் காவலிருந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது அந்த நைட்ரஜனுக்கு வருகிறேன். வைக்கோலில் இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது?

முதலில் கைக்கெட்டுவதைச் சொல்கிறேன். கடலைக்கொடி. நெல் வைக்கோலைவிட அதில் இரண்டு மூன்று மடங்கு புரதம். நிலக்கடலை பிடுங்கிய கையோடு கொடியை இலை உதிராமல் நிழலில் உலர்த்திப் பத்திரப்படுத்துங்கள். இலை உதிர்ந்தால் சத்து உதிர்ந்தது. அதைத் தனியாக ஒரு வாரத்தில் தீர்த்துவிடாமல், வைக்கோலோடு கால் பங்கு கலந்து கோடை முழுக்க ஓட்டுங்கள். உளுந்து, துவரைப் பொட்டும் அப்படியே. அடுத்து மரத்தழை. அகத்தி, வாகை, கல்யாண முருங்கை, சூபாபுல். வேலியோரத்தில் நட்டுவைத்தால் கிணறு வற்றின பிறகும் வேர் தண்ணீர் தேடிக்கொள்ளும். சூபாபுல்லை மட்டும் மொத்தத் தீனியில் 3இல் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள், முடி கொட்டும். இந்தத் தழைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வைக்கோலில் வைட்டமின் ஏ கிடையாது. மாதக்கணக்கில் பச்சையே காணாத சினைமாடு ஈனும் கன்று குருடாகவோ வலுவில்லாமலோ பிறக்கும். நாளைக்கு ஐந்து கிலோ பச்சைத் தழை போதும், அதைத் தடுத்துவிடலாம்.

நெல் வைக்கோலில் ஆக்சலேட் என்ற பொருளும் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். அதனால் வைக்கோல் தின்னும் மாட்டுக்குத் தாது உப்புக் கலவை நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் கட்டாயம். ஆனந்தில் இருக்கும் தேசியப் பால்வள வாரியம் 1980களில் யூரியா, வெல்லப்பாகு, தாது உப்பு மூன்றையும் சேர்த்து மாடு நக்கித் தின்னும் கட்டிகளைக் கொண்டுவந்தது. நக்க நக்கக் கொஞ்சம் கொஞ்சமாகவே உள்ளே போகும் என்பதால் நுண்ணுயிர்களுக்கு நாள் முழுக்க நைட்ரஜன் கிடைத்துக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் வெளியிலிருந்து சேர்ப்பது. வைக்கோலையே மாற்றும் வழி ஒன்று உண்டு, யூரியா ஊட்டல். அரை நூற்றாண்டாக ஆய்வுக்கூடங்களுக்குத் தெரிந்த முறை. நம் கட்டுத்தரைக்கு இன்னும் வந்து சேரவில்லை. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. பயம் ஒரு காரணம், யூரியா என்றால் நஞ்சு என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

100 கிலோ வைக்கோல். 4 கிலோ யூரியா, கூடவும் கூடாது. அதை 60 லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் வைக்கோலை ஒரு முழ உயரம் பரப்பி, பூவாளியில் கரைசலை எல்லா இடமும் படும்படி தெளித்து, ஏறி மிதிக்க வேண்டும். அதன்மேல் அடுத்த அடுக்கு. எல்லாம் முடிந்ததும் விரிப்பால் மூடி, ஓரத்தில் மண்ணைப் போட்டு, காற்றுப் புகாமல் 21 நாள் விட்டுவிட வேண்டும். உள்ளே யூரியா அமோனியாவாக மாறும். அந்த அமோனியா தாளின் நார்க்கட்டைத் தளர்த்தும். ஒரு பங்கு தாளிலேயே தங்கி நைட்ரஜனாகும். 3, 4 பங்காக இருந்த புரதக் கணக்கு 7, 8 ஆகும். அந்த 7ஐ நினைவில் வைத்திருக்கிறீர்களா? நுண்ணுயிர் பெருகத் தேவையான அளவு அது.

பிரித்தவுடன் போடக் கூடாது. வேண்டியதை எடுத்து ஓரிரவு காற்றாட வைத்து, வாடை தணிந்த பிறகு போட வேண்டும். முதல் வாரம் சாதா வைக்கோலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். ஆறு மாதம் ஆகாத கன்றுக்கு வேண்டாம். அதன் பெருவயிறு இன்னும் பக்குவப்படவில்லை. கரைசல் கலக்கிய வாளியை மாட்டுப் பக்கம் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நான் பார்த்த யூரியா சாவுகள் எல்லாம் அந்த வாளியிலிருந்து வந்தவைதான். முறையாக மூடி ஊறவைத்த வைக்கோலால் ஒன்றும் வந்ததில்லை. தவறிக் குடித்துவிட்டால் மாடு நடுங்கும், நுரை தள்ளும், வயிறு உப்பும். வினிகரையும் குளிர்ந்த தண்ணீரையும் புகட்டிக்கொண்டே மருத்துவருக்கு ஆள் அனுப்புங்கள்.

எல்லா மாட்டுக்கும் ஒரே தீனி போடும் பழக்கமும் மாற வேண்டும். வேலையில்லாமல் நிற்கும் காளைக்கு ஊட்டிய வைக்கோலும் ஒரு கைத் தழையும் போதும். கறவைக்கும், ஏழு மாதம் தாண்டிய சினைக்கும் கடலைக்கொடியும் பிண்ணாக்கும் முதலில். நல்ல வைக்கோல் போரின் ஒரு பக்கம், சுமாரானது மறுபக்கம் என்று பிரித்தே அடுக்குங்கள். ஈற்றுக்கு நெருங்கிய மாடு எது, அது எந்த மாதம் ஈனும் என்று பார்த்து நல்ல பக்கத்தை அந்த மாதத்துக்கு விட்டுவையுங்கள். இதில் வீட்டுப் பெண்கள் கணக்குத்தான் சரியாக இருக்கும். தினமும் தீனி போடும் கைக்குத் தெரியும், எந்த மாடு எதைக் கழிக்கிறது என்று.

கடைசியாக ஒரு கணக்கு. 350 கிலோ எடையுள்ள ஒரு பசு, மற்றத் தீனி போக, நாளைக்கு 6 கிலோ வைக்கோல் தின்கிறது. 120 நாளைக்கு 720 கிலோ. போரில் அழுகி, காடியில் சிந்தி 3இல் ஒரு பங்கு வீணாகும் வீட்டில் அதே மாட்டுக்கு 1,080 கிலோ வாங்க வேண்டியிருக்கும். வித்தியாசம் 360 கிலோ. அது இன்னும் 60 நாள் தீனி. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டில் அன்றிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. அந்தக் கோடையில் தீனி வாங்க முடியாமல் கறவை மாட்டையும் சினை மாட்டையும் சந்தைக்கு ஓட்டிப் போனவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். கயிறு மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்று அந்த 60 நாள் கையில் இருந்திருந்தால் எத்தனை மாடுகள் கட்டுத்தரையில் நின்றிருக்கும் என்று நான் நினைக்காத கோடை இல்லை.

போன மாதம் இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது வேப்பமரத்துக்குக் கிழக்கே 100 கிலோ வைக்கோலை ஊட்டி மூடிவிட்டுப் போனோம். இன்றோடு 22 நாள் ஆகிறது. இப்போது பிரிக்கப்போகிறோம், எல்லாரும் வாருங்கள். காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, அதனால் மேற்குப் பக்கமாக நில்லுங்கள். முதல் மூடியைத் தூக்கும்போது கண் எரியும். குழந்தைகளைக் கொஞ்சம் பின்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். தாள் பழுப்பேறி, கையில் எடுத்தால் மெத்தென்று இருக்கும். ஒரு பிடி எடுத்துக்கொண்டு, பக்கத்துப் போரிலிருந்து சாதா வைக்கோல் ஒரு பிடியும் எடுத்து, இரண்டையும் முறுக்கிப் பாருங்கள்.